வீட்டில் புலி, பந்தியில் எலி

பால், முட்டை, வேர்க்கடலை, எள் என்று நாலைந்து பண்டம் ஆகாத பிள்ளையைப் பெற்றவர்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. எனக்கும் அப்படி ஒரு மகள் இருக்கிறாள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம்மில் பலர் வீட்டுக்குள் புலி. மருத்துவர் நான்கை நிறுத்தச் சொன்னால் நாம் பதினான்கை நிறுத்துவோம். கத்தரிக்காய் கரப்பான், தக்காளி அரிப்பு, வாழைப்பழம் சளி என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, கடைசியில் பிள்ளைக்கு ரசம் சாதமும் இட்லியும்தான் மிச்சம். அதே நாம் சொந்தக்காரர் கல்யாணத்தில், பரிமாறுகிறவரிடம் "இதுல நெய் இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்க வெட்கப்படுகிறோம். பக்கத்து இலைக்காரர் என்ன நினைப்பார், பெண் வீட்டார் மனம் கோணுமோ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தாராளமாக இருக்க வேண்டிய இடத்தில் கெடுபிடி, கெடுபிடி காட்ட வேண்டிய இடத்தில் சங்கோஜம். இரண்டுக்கும் விலை கொடுப்பது பிள்ளை.

முதலில் அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதம். நூறு உணவு, இருநூறு உணவு என்று ஒரே குழாய் ரத்தத்தில் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டித் தருகிறார்களே, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சமையலறையைக் காலி செய்கிறீர்கள். அவற்றில் பல ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. ஒரு பண்டத்தை உடம்பு அடிக்கடி சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தினமும் சோறு தின்கிற பிள்ளைக்கு அரிசிக்கு நேரே சிவப்பு விழுவதில் என்ன அதிசயம்? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே இந்த வகைப் பரிசோதனையை வைத்து உணவு ஒவ்வாமையை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது. முடியை வெட்டி அனுப்பச் சொல்லும் பரிசோதனையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஐஜிஇ என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும், தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் உருப்படியானவை. ஆனால் அவையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குத்திய இடம் தடித்தும், அந்தப் பண்டத்தைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைகள் ஏராளம். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லும் விவரம்தான் மருத்துவருக்கு முதல் சாட்சி. ஆகவே எழுதி வையுங்கள், முடிந்தால் தடிப்பைப் படம் எடுத்து வையுங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையில் வைத்துத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதைவிடத் திட்டமான வழி இதுவரை கிடையாது. அதை வீட்டில் நாமே செய்யக் கூடாது. "கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கினா சரியாப் போயிடும்" என்று சொல்லும் பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அப்படிப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது அளந்து கொடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில் நடப்பது. பெரியப்பாவின் விரல் நுனியில் தொட்டு வைக்கும் பாயசம் அல்ல.

ஒருமுறை நிறுத்தியதை ஆயுள் தண்டனையாக ஆக்கிவிடுவது இன்னொரு குறை. பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விட்டுப்போகிறது. நன்றாக வெந்த பண்டத்தில் கலந்த முட்டையையும் பாலையும் அதற்கு முன்பே தாங்கத் தொடங்கும் பிள்ளைகளும் பலர். வேர்க்கடலையில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம். எப்படியானாலும் ஆண்டுக்கொரு முறையாவது மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வயதில் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முட்டையை மறுப்பது ஜாக்கிரதை ஆகாது.

நிறுத்துவது சுலபம். நிறுத்திய இடத்தில் எதை வைத்தீர்கள் என்று கேட்டால்தான் நமக்குத் திருதிருவென்று முழி. பாலை எடுத்துக்கொள்வோம். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. அதை நிறுத்தியதும் தெருவே சேர்ந்து சொல்லும் பதில் கேழ்வரகு. நல்ல பதில்தான், 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை 100 கிராம் மாவையா தின்கிறது? ஒரு கிண்ணம் கூழுக்கு 30 கிராம் போனால் அதிகம். கணக்குப் போட்டால் நூறு மில்லிகிராம் சொச்சம் தேறும். அதிலும் ஒரு பகுதியைக் கேழ்வரகிலேயே இருக்கும் ஃபைட்டேட் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறையும். முருங்கைக்கீரையைச் சேருங்கள்; மீன் ஆகும் பிள்ளைக்கு நெத்திலியை முள்ளோடு வறுத்துக் கொடுங்கள். எள்ளில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, எள்ளே ஆகாதவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? இத்தனையும் செய்த பிறகும் துண்டு விழுந்தால் சிரப்போ மாத்திரையோ தேவைப்படும். அதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நிறையப் பேர் கேட்பதில்லை. "கேழ்வரகு குடுக்கிறோம் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சைவ வீடுகளில் ஓட்டை இன்னும் பெரிது. கறி, மீன் கிடையாது. பால், முட்டை ஆகாது. அப்படியானால் பி12 எங்கிருந்து வரும்? இயற்கையில் அது விலங்கு உணவில்தான் உண்டு. புளித்த இட்லி மாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிவதை நம்பி ஒரு பிள்ளையின் நரம்பையும் ரத்தத்தையும் பணயம் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பி12 மருந்தாகவே போக வேண்டும்.

பாலுக்குப் பதில் பால் தேடும் கூத்தும் நடக்கிறது. ஆட்டுப்பால் ஆகுமாம், எருமைப்பால் ஆகுமாம், நாட்டு மாட்டின் ஏ2 பால் என்றால் தேவாமிர்தமாம். பசும்பாலில் பிள்ளைக்கு ஆகாத புரதம் ஏறக்குறைய அதே உருவத்தில் ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் இருக்கிறது. ஏ1-க்கும் ஏ2-க்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். ஒவ்வாமை அதைப் பார்த்து ஏமாறாது. நெய்யில் பால் இல்லை என்பதும் அரைகுறை உண்மை. காய்ச்சும்போது முழுக்கப் பிரியாத புரதம் மிச்சம் இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு மட்டும் ஆகிறவர்களின் கதை வேறு. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத தொல்லை. அவர்களுக்குச் சொன்ன யோசனையை நம் பிள்ளைக்குப் பொருத்தாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாதாம் பாலும் தேங்காய்ப்பாலும் கஞ்சித் தண்ணீரும் பாலுக்கு ஈடாகா. தாய்ப்பால் போதாத குழந்தைக்கென்று புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரித்த பால்மாவு இருக்கிறது. விலை கூடுதல்தான், வேறு குறுக்குவழி இல்லை.

இவ்வளவும் திட்டிவிட்டேன், இனி ஒரு நல்ல செய்தி. உலகத்தில் பலருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. காலையில் இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை, கம்பங்கூழ், தினைப் பொங்கல் என்று பாலும் முட்டையும் கோதுமையும் கொட்டைகளும் இல்லாமலே நம் அடுப்பு எரியும். ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டு வாழும் ஊரில் இதே பிள்ளையை வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள். நாமோ தங்கச் சுரங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டு டப்பாவில் 'பால் இல்லாத' பிஸ்கட் தேடி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம்.

மாற்று என்றால் மந்திரம் இல்லை. இட்லிப் பொடியில் எள்ளுக்குப் பதில் கொப்பரையை வறுத்துச் சேர்த்தால் அதன் வாசனையே தனி. குழைக்கத் தேங்காய் எண்ணெய். முறுக்கில் எள்ளை விட்டு ஓமம் போடுங்கள், வெண்ணெய்க்குப் பதிலாகக் காய்ந்த தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிசையுங்கள், மொறுமொறுப்பு குறையாது. புளியோதரையில் வேர்க்கடலைக்குப் பதில் வறுத்த கடலைப்பருப்பு, அதுவும் ஆகாத பிள்ளைக்கு உளுத்தம்பருப்பு. குருமாவுக்கு முந்திரி அரைக்காமல் தேங்காய் அரைத்தால் ஒரு குறையும் வராது. மோர் இல்லாத வெயில் காலத்துக்கு நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும். பிறந்தநாள் கேக்கில் முட்டைக்குப் பதில் ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவிட்டால் வழுவழுவென்று மாவைப் பிடித்துக்கொள்ளும், பாலுக்குத் தேங்காய்ப்பால். ஆனால் கடையில் 'எக்லெஸ்' என்று வாங்கிவிடாதீர்கள், பால் ஆகாத பிள்ளைக்கு அதில்தான் ஆபத்து. முட்டையை எடுத்த இடத்தில் பெரும்பாலும் பால் பவுடரோ கெட்டிப்பாலோ போட்டிருப்பார்கள்.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று கூட்டுப் பெருங்காயம் என்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் பல டப்பாக்களில் கோதுமை மாவோ மைதாவோ, வேலம் பிசின், எண்ணெய் என்று வரிசையாக வரும். கோதுமையே சேராத பிள்ளைக்குத் தினமும் ரசத்தில் கோதுமையைத் தாளித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். அடுத்தது சத்துமாவு. 'இருபத்தியொரு தானியம்' என்று எழுதிய பொட்டலத்தில் கோதுமை, சோயா, வேர்க்கடலை, பாதாம், முந்திரி என ஆகாததெல்லாம் ஒன்றாகக் கூடியிருக்கும். மெஷினில் அரைத்துத் தந்தாலும் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்பது தெரியாது. செக்கு எண்ணெய் இன்னொன்று. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் பெரும்பாலும் போய்விடும். செக்கில் ஆட்டியதில் அது தங்கும். மற்றவர்களுக்கு நல்லதாகவே இருக்கட்டும், வேர்க்கடலையும் எள்ளும் ஆகாத வீட்டில் அந்த மரச்செக்குப் பெருமை வேண்டாம்.

எள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லபெரூஸ் என்ற 15 வயதுப் பெண் லண்டனிலிருந்து பிரான்சுக்கு விமானத்தில் போகும் முன், விமான நிலையக் கடையில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள். எள்ளை மாவோடு சேர்த்துச் சுட்டிருந்தார்கள், உறையில் எழுதவில்லை. கடையிலேயே செய்து உறையிட்ட உணவுக்கு எழுத வேண்டும் என்று பிரிட்டன் சட்டமும் அப்போது சொல்லவில்லை. அந்தப் பெண் இறந்தாள். அவளைப் பெற்றவர்கள் விடாமல் போராடி, 2021 அக்டோபர் 1 முதல் அவள் பெயரிலேயே அறியப்படும் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்தார்கள். நம் நாட்டின் 2020 லேபிள் விதிகளில் கோதுமை வகைகள், இறால் நண்டு, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்ஃபைட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எள் அதில் இல்லை. ஊருக்கே எண்ணெய் கொடுத்த எள்ளுக்கு இந்தக் கதி! 'மசாலாக் கலவை' என்று மொத்தமாக எழுதிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே 'கன்டெய்ன்ஸ்' என்ற தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கூடையில் போடாதீர்கள். முழுப் பட்டியலையும் படியுங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள். அதே கம்பெனி, அதே உறை, உள்ளே மாறியிருக்கும். எள்ளையும் சேருங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதம் போட்டிருக்கிறோம்? குடும்ப வாட்ஸப்பில் குமுறுவதோடு நம் போராட்டம் முடிந்துபோகிறது.

இப்போது பந்திக்கு வருவோம். சாம்பாரில் நெய், பொரியலில் வேர்க்கடலைப் பொடி, கூட்டில் முந்திரி, ஒரே கரண்டி நான்கு வாளிக்கு. வெந்தால் எல்லாம் போய்விடும் என்பதும் தவறு. வேர்க்கடலையை வறுத்தாலும் அதன் வீரியம் குறையாது. ஹோட்டலில் முட்டை தோசை ஊற்றிய அதே கல்லில்தான் உங்கள் பிள்ளையின் சாதா தோசையும். இறால் பொரித்த எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும். கேட்டால்தான் தெரியும், அதையும் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். "அலர்ஜிங்க, பாத்துக்குங்க" என்றால் பரிமாறுகிறவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். "சட்னியில வேர்க்கடலை அரைச்சிருக்கா?" என்று கேளுங்கள், விழுப்புரம் பக்கம் என்றால் மல்லாட்டை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே சமைக்கிறவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கும் பதில் தெளிவாக இல்லையென்றால் கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்து வையுங்கள். கோயில் பிரசாதத்தை மறுப்பது பாவம் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: கண்ணில் ஒற்றிக்கொண்டு உங்கள் பையில் வையுங்கள், பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள்.

பாட்டிகளோடு மல்லுக்கு நிற்பதை விடுங்கள். "ஒரு வாய்தான, ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்வது பாசத்தில். அவர் காலத்தில் இப்படிப் பார்த்ததில்லை. என் மாமியாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் பேத்தியை அவரே அழைத்துப் போய் வந்த பிறகு, இப்போது தெருவில் யாராவது மிட்டாய் நீட்டினால் முதலில் உறையைப் படித்துக் காட்டச் சொல்கிறவர் அவர்தான். அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியல் முழுக்க அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் வீடு ஆபத்தான வீடு. அவர் காய்ச்சலில் படுத்தால் அன்று பிள்ளையின் டப்பாவில் என்ன போகும்?

பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாக வகுப்பு ஆசிரியரிடம் சொன்னது, அவர் விடுப்பில் போகும் நாளோடு சரி. அரசுப் பள்ளியானால் சத்துணவு அமைப்பாளரிடமும் பேசுங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே உண்டு. காலை உணவில் ரவையும் சேமியாவும் வரும், இரண்டும் கோதுமை என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை உண்டு.

கடைசியாக, நாம் அதிகம் அலட்சியம் காட்டுவது அட்ரினலினில். கைப்பையில் அரிப்பு மருந்து சிரப் இருக்கும். அது போதும் என்று நினைப்பு. தடிப்புக்கும் அரிப்புக்கும் அது சரி. ஆகாததைத் தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குரல் கம்மி, விடாமல் இருமி, மூச்சில் விசில் சத்தம் வந்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, துவண்டு விழுந்தால் அந்த சிரப் எதையும் தடுக்காது. தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே இது வரலாம். அப்போது வேண்டியது தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி, தாமதமில்லாமல். வெளிநாடுகளில் பேனா போல அழுத்தினால் போதும் என்று தயாராக வருவது நம் மருந்துக்கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. ஆனால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் மருந்து மலிவு. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பிள்ளையின் எடைக்கு அளந்து, 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மில்லிகிராம், எப்படி எடுப்பது, எங்கே குத்துவது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டு, அவர் முன்னால் செய்து பழகுங்கள். எடை கூடும்போது அளவையும் மாற்றி எழுதி வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் வீணாகிவிடும். ஊசி போட்டதும் பிள்ளையைப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்திருக்கட்டும், எழுந்து நடக்கவிடாதீர்கள். தெளிந்துவிட்டாள் என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால்தான் மருத்துவமனையில் இருத்திப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்திருந்தால் மூத்தவளின் பயத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள். 2015-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 11 மாதத்துக்குள்ளேயே வேர்க்கடலையைத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது அவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணம் அதோடு போயிற்று. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஆறு மாதம் ஆனதும், முழுக் கடலையாக இல்லாமல் நைசான பொடியாகக் கூழில் கரைத்துத் தொடங்குங்கள். முட்டை ஆகாத மூத்தவளுக்கு அம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒவ்வாமை அதற்குத் தடை இல்லை.

வருகிற முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வந்திருந்தால் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கென்று கட்டிய சாப்பாடும் அந்த ஊசியும் உங்கள் பையில் இருக்கட்டும். பந்தியில் அவளுக்கும் ஓர் இலை போடச் சொல்லி, கொண்டுபோனதை அதில் வையுங்கள். ஏன், என்ன என்று யாராவது கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளப் போகிறாள்.